வேலி: அடிக்கு 506 ரூபாய்

நீளம் 180 அடி. செலவு 91,110 ரூபாய். வகுத்துப் பார்த்தால் அடிக்கு 506 ரூபாய் சொச்சம். போனில் சொன்னதும் ஊரில் இருக்கும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "ஏல, கம்பியில பின்னுனானா, வெள்ளியில பின்னுனானா?"

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. சங்கரன்கோவில் பக்கம் தோட்டத்துக்கு ஏறக்குறைய இதே ரகக் கம்பி வலையை, சிமெண்ட் கால் நட்டு, அடிக்கு 160 ரூபாயில் முடித்தவர் அவர். நான் குப்பை கொட்டுவது லடாக்கில், லே நகரத்தில், ஒரு வங்கிக் கிளையில். 2023 மே மாதம் வந்தேன். போஸ்டிங் மூன்று வருடம். இருப்பது வாடகை வீடு. அம்மா இன்னும் ஒரு படி மேலே போனார்கள். "எய்யா, வாடகை வூட்டுக்கு ஆராவது வேலி போடுவாவளா? வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டியே!" ஓணானுக்குப் பதில் வேலியையே எடுத்து விட்டுக்கொண்டேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அண்ணனுக்குப் போனில் சொல்லி முடியாத கணக்கை இங்கே சாவகாசமாக எழுதி வைக்கிறேன். குளிர் தேசத்தில் வேலி போட நினைக்கிற யாருக்காவது பயன்படலாம். நீளமாகப் போகும், டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் இடம். லே கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். வருடம் முழுக்கப் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து 100 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் வரும். நம்மூரில் ஒரு நல்ல ஐப்பசி அடைமழை ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகும் அளவு. ஜனவரி இரவுகளில் வெப்பமானி மைனஸ் 20 வரைக்கும் இறங்கும். மழையில்லாத பாலைவனத்தில் எப்படிப் பயிர் விளைகிறது என்றால், மலை உச்சிப் பனி உருகி வரும் தண்ணீரைச் சின்னச் சின்ன வாய்க்காலாகப் பிரித்து ஒவ்வொரு வயலுக்கும் கொண்டுவருகிறார்கள். வாய்க்காலுக்கு இங்கே யூரா என்று பெயர். நாங்கள் குடியிருக்கும் சங்ஸ்பா பகுதியில் திரும்பின பக்கமெல்லாம் யூராவும் வில்லோ மரமும்தான். இந்த யூராவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் வில்லன் இவர்தான். குளிரை நான் வில்லனாக நினைத்திருந்தேன், அது வெறும் அடியாள்.

வீட்டுக்காரர்கள் வயதான தம்பதி. எல்லோரையும் போல நாங்களும் அபா-லே, ஆமா-லே என்றுதான் கூப்பிடுகிறோம். அப்பா, அம்மாவோடு ஒரு 'லே' சேர்த்தால் மரியாதை. என்னை அவர்கள் 'மேனேஜர்-லே' என்பார்கள். நான் மேனேஜர் இல்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். சந்துப் பக்கம் கல் சுவரும் கேட்டும் இருக்கின்றன. மற்ற மூன்று பக்கமும் வேலி. மேட்டுப் பக்கம் 70 அடி, வெறும் மணலும் சரளையும். தெற்கே யூராவை ஒட்டி 60 அடி. கிழக்கே பார்லி வயலை ஒட்டி 50 அடி. எங்களுக்கு முன்னால், எட்டு வருடம் முன்பு இங்கே குடியிருந்த ஒருவர் தன் செலவில் போட்ட வேலி அது. நாங்கள் வந்தபோது மேட்டுப் பக்கம் விறைப்பாக நின்றுகொண்டிருந்தது. யூரா பக்கமும் வயல் பக்கமும் கல்யாண வீட்டில் விடிய விடியக் கண்விழித்தவர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது.

அந்தச் சாய்வை முதல் வருடம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆமா-லே அதன் மேல் துணி காயப்போடுவார். பசுக்கள் தலையை விட்டு முட்டைக்கோஸ் தின்னும். அவ்வளவுதானே?

பிரச்சினை நாய்கள். கோடையில் லே முழுக்கச் சுற்றுலாக்காரர்கள். ஓட்டல் கழிவிலேயே தெருநாய்கள் கொழுத்துவிடும். அக்டோபர் தாண்டினால் ஓட்டல்கள் இழுத்துமூடப்படும், நாய்களுக்குச் சோறு நின்றுபோகும். கும்பலாகச் சேர்ந்துவிடும், பகலிலேயே சேர்ந்து அலையும். 2024 ஜனவரியில் ஒரு காலை, மகள் (அப்போது ஐந்து வயது) முற்றத்தில் பனியைக் கிளறி விளையாடிக்கொண்டிருந்தாள். யூரா பக்கத்துச் சாய்ந்த வேலியை மிதித்துக்கொண்டு நாலு நாய்கள் உள்ளே வந்தன. குரைக்கவில்லை, அதுதான் பயம். ஆமா-லே சாணி அள்ளும் கூடையைத் தூக்கி வீசிக்கொண்டே ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டார். கடி எதுவும் இல்லை. ஜாக்கெட் கை மட்டும் கிழிந்திருந்தது. அதற்குப் பிறகு மார்ச் வரை குழந்தை முற்றத்துக்கு இறங்கவேயில்லை. கண்ணாடி ஜன்னல் வழியாக நாய்களை எண்ணிக்கொண்டிருப்பாள். இதே ஆமா-லே மறுநாள் கேட்டுக்கு வெளியே நின்று அதே நாய்களுக்கு ரொட்டி போட்டார். கேட்டதற்கு, "அதுங்களுக்கும் பசிதானே, மேனேஜர்-லே. உள்ளே வரக்கூடாது, அவ்வளவுதான்" என்றார். உள்ளே வராமல் இருக்க என்ன செய்வது என்ற கேள்வி அப்படித்தான் என் தலையில் விழுந்தது.

வழிகளை விசாரித்தேன். அபா-லேயின் உறவுக்காரர் ஒருவர் காண்டிராக்டர். சிமெண்ட் பிளாக் சுவர், அடிக்கு 1,400 என்றார். இரண்டரை லட்சம்! பச்சை மண்கல் சுவர் என்றால் கல் அஸ்திவாரத்தோடு அடிக்கு 850 வரை வரும். ஊருக்கே அழகு மண் சுவர்தான். ஆனால் அடியில் ஈரம் ஏறினால் கரைந்துவிடும், யூரா ஓரத்தில் அதற்கு ஆயுள் குறைவு. இரண்டு சுவருக்கும் பொதுவாக இன்னொரு குறை உண்டு, அது நிழல். லே வடக்கே 34 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நடுப்பகல் சூரியனே தொடுவானத்திலிருந்து 32, 33 டிகிரிக்கு மேல் ஏறாது. ஐந்தடிச் சுவரின் நிழல் நட்டநடுப் பகலில் எட்டடிக்கு விழும். அந்த எட்டடியில் பனி உருகாது. இங்கே தெற்குப் பார்த்த கண்ணாடி அறையில் வெயிலைப் பிடித்து உட்கார்ந்துதான் ஜனங்கள் குளிர்காலத்தை ஓட்டுகிறார்கள். வெயிலை மறைக்கிற சுவருக்குக் காசு கொடுப்பானேன்?

மூன்றாவது வழி, இந்த ஊரின் பழைய வழி. கல்லை அடுக்கி, மேலே ட்செர்மாங் என்கிற முள்செடியை வெட்டிப் போடுவது. நம்மூர் உடைமுள் வேலிக்கு அண்ணன் முறை. பசு தாண்டாது, ஆனால் நாய் இடுக்கில் நுழைந்துவிடும்.

அபா-லே சொன்ன இன்னொரு சங்கதி எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் காலத்தில் வயல்களுக்குப் பெரிய வேலியே கிடையாதாம். அதற்குப் பதில் ஒரு ஆள். லோராபா என்று பெயர். ஊர் நியமிக்கும் காவல்காரர் அவர். வயலில் இறங்கிய மாட்டைப் பிடித்துக்கொண்டுபோய் அதற்கென்று இருக்கும் கல் கொட்டடியில் அடைத்துவிடுவார். சொந்தக்காரர் அபராதம் கட்டி மீட்க வேண்டும். நம்மூர்க் கொண்டித்தொழு அப்படியே! கம்பிக்குச் செலவழிப்பதற்குப் பதில் ஒரு மனுஷனுக்குக் கூலி கொடுத்திருக்கிறார்கள். நாய்க்கு லோராபா வைக்க முடியாது என்பதால் கம்பிக்கே வந்து சேர்ந்தேன்.

இப்போது குழிக்கு வருவோம். உண்மையில் இந்தக் கணக்கே குழியைப் பற்றியதுதான்.

2024 ஜூனில் பழைய வேலியைப் பிடுங்க மிஸ்திரி வந்தார். பீகார், சம்பாரண் பக்கத்துக்காரர். மே மாதம் லேக்கு வந்து அக்டோபரில் திரும்பிப் போகிறவர், பன்னிரண்டு வருடமாக. மேட்டுப் பக்கத்துக் கால்களைப் பிடுங்க இரண்டு ஆள், கடப்பாறை, அரை நாள். யூரா பக்கத்துக் கால்களை அவர் ஒற்றைக் கையால் அசைத்து அசைத்து, முருங்கைக் குச்சியைப் பிடுங்குவதுபோல எடுத்துப் போட்டுக்கொண்டே போனார். இரண்டு பக்கமும் ஒரே ஆழம், ஒன்றரை அடி. ஒரே ஆள் போட்டது, ஒரே சிமெண்ட், ஒரே குளிர். ஒரு பக்கம் மட்டும் ஏன் இப்படி?

கடப்பாறையால் தோண்டிய குழி எப்போதும் மேலே அகலம், கீழே குறுகல். அதில் ஊற்றிய கான்கிரீட்டும் பம்பரம் மாதிரி அப்படியே இருந்தது. பம்பரத்தின் மேல்விளிம்பு தரையிலிருந்து ஏழெட்டு அங்குலம் எழும்பி நின்றது. அடியில் பார்த்தால் கான்கிரீட்டுக்கும் குழியின் தரைக்கும் நடுவே கொழகொழவென்று வண்டல். அதாவது கால் சாயவில்லை. முதலில் மேலே எழும்பியிருக்கிறது, பிடிப்பு போன பிறகு சாய்ந்திருக்கிறது. மண்ணே அதைப் பிடுங்கி வெளியே துப்பியிருக்கிறது.

இதன் பின்னால் இருக்கும் இயற்பியல் சுவாரஸ்யமானது. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும், பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். ஆனால் அது மட்டும் ஒரு காலை முக்கால் அடி தூக்காது. மேலிருந்து உறைபனி மண்ணுக்குள் இறங்கும்போது, உறைந்த மண்ணுக்குக் கீழே இன்னும் உறையாத ஈரம் இருக்கிறது அல்லவா? மண் மாவு மாதிரி நைசான வண்டலாக இருந்தால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்த ஈரத்தை மேலே இழுக்கும். இழுத்த தண்ணீர் உறைகோட்டுக்கு வந்ததும் பனித்தகடாக மாறும். கீழே தண்ணீர் இருக்கிற வரை தகடு தடித்துக்கொண்டே போகும், மேலே இருக்கும் மண்ணைத் தூக்கிக்கொண்டே போகும். உறைந்த மண் காலின் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்திருப்பதால் காலும் கூடவே ஏறும். காலுக்கு அடியில் உண்டாகும் இடைவெளியில் வசந்தத்தில் வண்டல் சரிந்து நிரம்பிவிடும். ஏறின கால் இறங்கவே இறங்காது. அடுத்த குளிரில் இன்னும் ஒரு அங்குலம். ஜாக்கி வைத்து லாரியைத் தூக்குகிறோமே, அதே கதை.

ஆக, இதற்கு மூன்று பேர் வேண்டும்: உறைபனி, நைசான மண், தண்ணீர். மேட்டுப் பக்கம் சரளை மணல், தண்ணீரே இல்லை. குளிர் தனியாக வந்து ஒன்றும் செய்ய முடியாமல் எட்டு வருடமும் திரும்பிப் போயிருக்கிறது. யூரா பக்கமும் வயல் பக்கமும் மூன்று பேரும் கூட்டணி வைத்துவிட்டார்கள். இதில் லேக்கு இன்னொரு துரதிர்ஷ்டம், பனி அதிகம் விழாதது. நிலத்தின் மேல் கெட்டியாகக் கிடக்கும் பனி ஒரு கம்பளி மாதிரி, கீழே மண் அவ்வளவு சீக்கிரம் உறையாது. லேயில் கம்பளி இல்லாமல் வெறும் மண் வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறது. அதனால் உறைவு ஆழமாக இறங்குகிறது.

வைத்தியம் தெரிந்ததுதான். உறைகிற ஆழத்துக்குக் கீழே போய்க் காலை ஊன்ற வேண்டும். குழி மேலே ஒடுக்கமாக, அடியில் பானை மாதிரி அகன்றிருக்க வேண்டும். கான்கிரீட் அடியில் மட்டும். அதற்கு மேலே தோண்டின வண்டலைத் திருப்பிப் போடாமல் சரளைக் கல்லால் நிரப்ப வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. கால் வழுவழுப்பான உருண்டைக் குழாயாக இருந்தால் மண்ணுக்குக் கவ்வப் பிடி கிடைக்காது. எல் ஆங்கிள் என்றால் அதற்குக் கொண்டாட்டம். குழாய்க்கு ஒரு பிளாஸ்டிக் உறை சுற்றிவிட்டால் இன்னும் நல்லது. எவ்வளவு ஆழம்? தண்ணீர்க் குழாய் பதிக்கும் பிளம்பர் நாலடிக்கு மேலே பதித்தால் உறையும் என்றார். கடையில் விற்கும் ஜி.ஐ. குழாய் 20 அடி நீளம். பாதியாக வெட்டினால் 10 அடி. தரைக்கு மேலே ஐந்தரை, கீழே நாலரை. எங்கள் நாலரை அடியில் பாதி விஞ்ஞானம், பாதி வேஸ்ட் ஆகாமல் குழாய் வெட்டின சாமர்த்தியம்.

மேட்டுப் பக்கத்துக்கு இரண்டரை அடி போதும் என்பதில் மிஸ்திரிக்கும் எனக்கும் ஒரே கருத்து. தகராறு ஈரப் பக்கத்தில்தான் வந்தது. மிஸ்திரி நல்ல மனிதர், எனக்கு நல்லதைத்தான் சொன்னார்.

"சார், நீங்க எத்தனை வருஷம் இருப்பீங்க?"

"2026 மே வரைக்கும்."

"ரெண்டு சர்தி. இரண்டரை அடியே ரெண்டு சர்தி தாராளமா தாங்கும். வீடு உங்களுதா? அப்புறம் சாஞ்சா, அப்புறம் வர்றவங்க பாத்துப்பாங்க."

வாஸ்தவம். எழும்புவது வருடத்துக்கு ஓர் அங்குலம்தான். இரண்டு குளிரில் எந்த வேலியும் விழாது. ஈரப் பக்கத்தில் 12 கால். ஒவ்வொன்றுக்கும் கூடுதல் இரண்டடிக் குழாய் 290 ரூபாய், கூடுதல் தோண்டுகூலி 450. ஆக 740. பன்னிரண்டால் பெருக்கினால் 8,880 ரூபாய். நான் ஒரு நாளும் பார்க்கப் போகாத குளிர்காலங்களுக்காக நான் கட்ட வேண்டிய பிரீமியம் இது. வங்கிக்காரன் புத்தி எங்கே போகும்? ராத்திரி காகிதத்தில் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கமணி எட்டிப் பார்த்தார். "என்னங்க, விடிய விடிய வேலியா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் குழந்தையின் ஜாக்கெட் கையைத் தைத்துக்கொண்டிருந்தார். ஆறு மாதமாகத் தைக்கப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் அன்றைக்குத்தான் ஊசியை எடுத்திருந்தார். "முன்னாடி இருந்தவரும் இதே மாதிரி ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பாரோ என்னவோ" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் மிஸ்திரியிடம் நாலரை அடி என்று சொல்லிவிட்டேன். "ஆப்கி மர்ஸி" என்று சிரித்தார். தோண்டுகூலி கூடினதில் அவருக்கு நஷ்டமில்லைதானே :)

இப்போது அண்ணனுக்கு நான் வாட்ஸப்பில் அனுப்பிய கணக்கு, அப்படியே. கம்பி வலை 900 சதுர அடி, லேயில் இறக்குமதியாகி... (இறக்குமதி என்றுதான் வாயில் வருகிறது, மலை தாண்டி வருகிறதே) சதுர அடிக்கு 28 வீதம் 25,200. இரண்டங்குல ஜி.ஐ. குழாய் 10, ஒன்று 2,900 வீதம் 29,000. ஆறு குழாய் ஈரப் பக்கத்துக்கு, நாலு மேட்டுப் பக்கத்துக்கு. எட்டடியாக வெட்டினதில் மிஞ்சின நாலடித் துண்டுகள் மூலைக் கால்களுக்கு முட்டுக் கொடுக்க ஆயிற்று. சிமெண்ட் 6 மூட்டை 3,360. சரளையும் மணலும் 4,500. இழுப்புக் கம்பி, கட்டுக் கம்பி, முறுக்கி வகையறா 2,800. வெல்டிங் 3,000. தோண்டுகூலி மேட்டுப் பக்கம் ஏழு குழி, குழிக்கு 350. ஈரப் பக்கம் பன்னிரண்டு குழி, குழிக்கு 800. ஆக 12,050. கால் நட்டு வலை இழுக்க மிஸ்திரிக்கு நாலு நாள், இரண்டு ஆட்களுக்கு நாலு நாள், மொத்தம் 11,200.

இதில் தரைக்குக் கீழே போனதை மட்டும் தனியாகக் கூட்டினேன். தோண்டுகூலி, சிமெண்ட், சரளை, புதைந்துபோன எழுபத்தொன்றரை அடிக் குழாய் எல்லாம் சேர்ந்து முப்பதாயிரத்துச் சொச்சம். மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள்! கடைக்காரன் விலை சொல்வதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வலைக்குத்தான். அண்ணன் தோட்டத்தில் ஒரு முழக் குழி தோண்டிக் காலை நட்டு மிதித்துவிட்டு வந்தார். அங்கே மண் காலைப் பிடித்துக்கொள்ளும், இங்கே மண் பிடுங்கப் பார்க்கும். அடிக்கு 160-க்கும் 506-க்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிக்கு மேல் இந்த மண்ணோடு செய்துகொண்ட சமாதானத்துக்கும், மலை தாண்டி வந்த லாரிக்கும்தான்.

லாரி பற்றிக் கொஞ்சம். லேக்கு எந்த இரும்பும் சோஜி லா வழியாகவோ மணாலி வழியாகவோ ஏறித்தான் வரவேண்டும். முன்பெல்லாம் இரண்டும் வருடத்தில் பாதி மூடிக்கிடக்கும். 2020 அக்டோபரில் ரோதாங் மலைக்கு அடியில் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கம் திறந்தார்கள், அதற்கு வடக்கே இருக்கிற உயரமான கணவாய்கள் இன்னும் பனியை நம்பித்தான். சோஜி லா மூடிக்கிடக்கும் நாட்களும் இப்போது குறைந்திருக்கின்றன. இருந்தாலும் இங்கே பழக்கம் மாறவில்லை. வெங்காயம் முதல் சிமெண்ட் வரை குளிருக்கு முன்னால் வாங்கி வைத்துவிட வேண்டும். ஜூலையில் ஊர் முழுக்க ஓட்டல் கட்டும் சீசன், கம்பி விலையும் கூலியும் உச்சத்தில் இருக்கும். அக்டோபர் வரை பொறுத்தால் விலை இறங்கும், ஆனால் மிஸ்திரி ரயில் ஏறிவிடுவார். அவர் இருந்தாலும் கான்கிரீட் இறுகாது. காற்று 5 டிகிரிக்குக் கீழே போனால் அது குளிர்கால கான்கிரீட், அதற்கென்று தனி விதிமுறை என்று இந்தியத் தரக் குறியீடே (ஐ.எஸ். 7861, இரண்டாம் பாகம்) சொல்கிறது. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுவதற்குள் அந்தத் தண்ணீரே உறைந்துவிட்டால் காசு போச்சு. ஆகவே நல்ல நாள், நட்சத்திரம் எல்லாம் ஆகஸ்ட் கடைசிக்கும் செப்டம்பர் நடுவுக்கும் இடையில் மட்டும்தான். கல்யாண மண்டபம் கிடைப்பதே மேல்.

தோண்டும்போது ஈரப் பக்கத்தில் மூன்றடிக்குக் கீழே பாறாங்கற்கள் வந்தன. ஒரு குழிக்கு ஒன்றரை நாள் ஆனது. குழிக்கு 800 பேசினதில் மிஸ்திரிக்குக் கட்டாது என்று எனக்கே தெரிந்தது. கேட்டேன். "பேசினது பேசினதுதான், சார்" என்றவர், மதியம் தங்கமணி செய்த புளியோதரையை மட்டும் மூன்று தட்டு சாப்பிட்டார். அந்தக் கல்லெல்லாம் வீணாகவில்லை, யூராக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

செலவில் பாதி அபா-லேயுடையது என்று முதலிலேயே பேச்சு. அதாவது 45,555. வாடகை 15,000-ல் மாதம் 3,000 வீதம் பதினைந்து மாதம் கழித்துக்கொள்ளச் சொன்னார். மீதி 555 ரூபாய்க்கு ஒரு பை பாட்டிங், அதாவது காய்ந்த ஆப்ரிகாட், வந்து சேர்ந்தது. 'மேனேஜர்-லே, கணக்கு நேர்' என்றார். ஊருக்குப் பார்சல் அனுப்பினேன். அம்மாவுக்கு வேலி மேல் இருந்த கோபம் அதில் கொஞ்சம் இறங்கியது.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒரு வேலி என்றால் இருபது மா நிலம். எனக்கு வாய்த்த வேலி 180 அடிக் கம்பி, அதுவும் அடுத்தவர் நிலத்தில். அலுவலகத்தில் ஒரு தஞ்சாவூர்க்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

அந்தக் குளிர்காலத்தில் நாய்கள் வழக்கம்போல வந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்து உள்ளே பார்த்தன. முதல் வாரம் மகள் கதவை விட்டு இறங்கவில்லை. இரண்டாவது வாரம் ஆமா-லேயின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ரொட்டி போடப் போனாள், கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து. பொங்கலுக்குள் நாய்களுக்குப் பேர் வைத்துவிட்டாள். அதில் ஒன்றுக்கு என் பேர்.

2025 ஏப்ரலில், மண் இளகினதும், நூல் பிடித்துப் பார்த்தேன். செப்டம்பரில் ஒவ்வொரு காலிலும் தரைமட்டத்துக்குப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். மேட்டுப் பக்கம் ஏழும் அசையவில்லை. வயல் பக்கம் அசையவில்லை. யூரா பக்கத்தில் ஒன்று, தென்கிழக்கு மூலைக் கால், அரை விரற்கடை எழும்பியிருந்தது. நம்பாமல் இரண்டு தரம் அளந்தேன். அபா-லே குனிந்து கோட்டைப் பார்த்தார், யூராவைப் பார்த்தார். அந்த இடத்தில் கரை கசிந்து, காலைச் சுற்றிக் குளமாக நின்றுகொண்டிருந்தது. "தண்ணீர்" என்றார் ஒரே வார்த்தையில். ஒரு மண்வெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, தான் ஒன்றை எடுத்துக்கொண்டு கரையை அடைக்க இறங்கினார்.